வீட்டுக் காப்பீட்டில் வீண் செலவைத் தவிர்ப்போம்

(வலையபட்டியில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மாதிரிக் கூட்டங்களில் விதை நேர்த்தி, உரமிடுதல், பூச்சி மருந்து அடித்தல் ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். இன்று நாம் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கறவை மாடு வாங்கினால் காதில் வில்லை போட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்கிறோம். டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சட்டமே இன்ஷூரன்ஸ் கேட்கிறது. ஆனால் வாழ்நாள் உழைப்பையெல்லாம் போட்டுக் கட்டிய வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் காப்பீடு செய்திருக்கிறோம்? எடுத்தவர்களிலும் எத்தனை பேர் பாலிசியைப் பிரித்துப் படித்திருக்கிறோம்?

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதற்கெல்லாம் பணம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறைந்தால்தான் வெள்ளாமை. ஆகவே வீட்டுக் காப்பீட்டை எவ்வளவு குறைந்த செலவில், எவ்வளவு பயனுள்ள முறையில் செய்து கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சு.

என் வீட்டில் நடந்தது

முதலில் என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சூறையாடிவிட்டு, நம் பக்கத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போயிற்று. எங்கள் பூர்வீக ஓட்டு வீட்டின் கொல்லையில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. அது சாய்ந்து பின்கட்டு முழுவதையும் நொறுக்கிவிட்டது.

நான் கலங்கவில்லை. வீட்டைப் பழுது பார்க்க வங்கியில் கடன் வாங்கியபோது இன்ஷூரன்ஸ் என்று சொல்லி ஒரு தொகையைப் பிடித்திருந்தார்கள். ஆகவே நஷ்டஈடு கிடைக்கும் என்று நம்பினேன். பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துப் படித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அது வீட்டுக்கான இன்ஷூரன்சே அல்ல. கடன் வாங்கிய நான் இறந்துபோனால் பாக்கிக் கடனை அடைப்பதற்கான ஆயுள் இன்ஷூரன்ஸ். வீட்டின் மேல் ஒரு ரூபாய்க்குக்கூடக் காப்பு இல்லை. பின்கட்டை மீண்டும் எடுத்துக் கட்ட இரண்டு கறவை மாடுகளை விற்றேன். மற்றவர்களுக்கு வழி சொல்லும் நானே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த வெட்கம்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

இன்ஷூரன்ஸ் நமக்குப் புதியதல்ல

காப்பீடு ஏதோ பட்டணத்துச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். 1937-ஆம் ஆண்டு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது, சென்னை, ரங்கூன் நகரங்களோடு நம் காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறக்கப்பட்டது. அதை நிறுவிய செட்டிநாட்டைச் சேர்ந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார்தான் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் வளர்த்தவர். சென்னை அண்ணா சாலையில் இன்றும் எல்.ஐ.சி. கட்டடம் என்று வழங்கும் மாடிக் கட்டடம் அந்த நிறுவனத்துக்காக அவர் தொடங்கியதே. ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956-இல் நாட்டுடைமை ஆனதால் அது எல்.ஐ.சி.க்குப் போயிற்று. அந்தக் கட்டடத்திலேயே 1975-ஆம் ஆண்டு தீப்பிடித்தது. நெருப்புக்கு இன்ஷூரன்ஸ்காரர் வீடு, நம் வீடு என்ற வேற்றுமை இல்லை.

பொது இன்ஷூரன்ஸ் 1973 ஜனவரி முதல் நாள் முதல் அரசுடைமை ஆனது. பின்னர் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் வந்தன. இன்று யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு அரசு நிறுவனங்களோடு பல தனியார் நிறுவனங்களும் வீட்டுக் காப்பீடு தருகின்றன.

அரசு உதவி போதாதா?

புயல், வெள்ளம் வந்தால் அரசு நிவாரணம் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நிவாரணம் வேறு, நஷ்டஈடு வேறு. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளிப் பகுதியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. பகுதி சேதமான காரை வீட்டுக்கு ரூ.6,500. அழிந்த குடிசைக்கு ரூ.8,000. வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு ரூ.3,000. இன்றைய கொத்தனார் கூலிக்கும் சிமெண்டு விலைக்கும் இது எந்த மூலைக்கு? மேலும், உங்கள் ஒரு வீட்டில் மட்டும் மின்கசிவால் தீப்பிடித்தால் புயல் நிவாரணம்போல் ஊர் முழுவதற்கும் கணக்கெடுப்பு நடக்காது.

எல்லா நிறுவனத்திலும் ஒரே பாலிசி

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் முதல் நாள் முதல், வீடுகளுக்குத் தீக் காப்பீடு தரும் எல்லா நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கட்டாயம் தரவேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. பாலிசியின் அடிப்படை விதிகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. பிரீமியம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இதில் அடங்கும் ஆபத்துகள்: தீ, இடி மின்னல், வெடித்தல், புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல், நிலநடுக்கம், நிலச்சரிவு, காட்டுத் தீ, வாகனமோ மரமோ மோதி ஏற்படும் சேதம், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தல், கலவரம், வேலைநிறுத்தம் ஆகியவற்றால் வரும் சேதம் முதலியன. இந்தச் சம்பவங்களில் ஒன்று நடந்து ஏழு நாட்களுக்குள் வீட்டில் திருட்டுப் போனால் அதுவும் அடங்கும். வீட்டோடு சேர்ந்த சுற்றுச் சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சாண எரிவாயுக் கலன், சூரிய மின்தகடு ஆகியவையும் வீட்டுக் கட்டடத்தில் சேரும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கும் இடமுண்டு.

வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலேயே, கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ.10 லட்சத்துக்குக் காப்பு கிடைக்கிறது. கட்டடத்தின் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமலேயே உயர்கிறது. பாலிசியைப் பத்து ஆண்டுகள் வரை ஒரே தடவையில் எடுக்கலாம்.

இவ்வளவும் அடிப்படைப் பாலிசியிலேயே இருக்கின்றன. ஆகவே ஏஜெண்டு ஒருவர் வந்து, "எங்கள் பாலிசியில் மட்டும்தான் புயலுக்குக் காப்பு உண்டு" என்று சொல்லி அதிகப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். குறைந்தது மூன்று நிறுவனங்களிலாவது பிரீமியம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். விதை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறோம் அல்லவா? அதே பழக்கம் இங்கும் வேண்டும்.

மனைக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாம்

பணம் வீணாகும் முதல் வழி இதுதான். "உங்கள் வீடு என்ன விலை போகும்?" என்று கேட்டால், மனையையும் சேர்த்து விலை சொல்லிவிடுகிறோம். மனை எரியாது, புயலில் பறந்தும் போகாது. கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவுக்கு மட்டுமே காப்பீடு செய்ய வேண்டும்.

கணக்கு எளிது. வெளிச்சுவர் நீங்கலாக வீட்டின் உள்பரப்பை அளந்து கொள்ளுங்கள். அதை உங்கள் ஊரில் இப்போது கட்டடம் கட்ட ஆகும் செலவால் பெருக்குங்கள். பாலிசியில் சதுர மீட்டர்க் கணக்கில் எழுதுவார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.

உதாரணமாக, உள்பரப்பு 500 சதுர அடி, கட்டும் செலவு சதுர அடிக்கு ரூ.1,800 என்று வைத்துக் கொள்வோம். கட்டட மதிப்பு ரூ.9,00,000. சாமான்களுக்கு 20 சதவீதம் ரூ.1,80,000. மொத்தம் ரூ.10,80,000. பிரீமியம் ஆயிரத்துக்கு 30 காசு என்று கணக்குக்காக வைத்துக் கொண்டால் ரூ.324 ஆகும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் ரூ.382.

இதே வீட்டுக்கு மனை விலை ரூ.6 லட்சத்தையும் சேர்த்து ரூ.15 லட்சம் என்று எழுதினால், சாமான்களோடு மொத்தம் ரூ.18 லட்சம் ஆகும். அதே விகிதத்தில் வரியோடு ரூ.637 கட்டவேண்டும். ஆண்டுக்கு ரூ.255 வீண். நஷ்டம் வந்தாலும் கட்டடத்தை எழுப்ப ஆகும் செலவுக்கு மேல் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் இன்ஷூரன்சுக்கும் மருத்துவ இன்ஷூரன்சுக்கும் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு அது நீங்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறைத்தும் எழுத வேண்டாம்

பிரீமியத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுவதும் தவறு. உண்மையான பரப்பையும் கட்டும் செலவையும் கொடுத்தவர்களுக்கு, மதிப்புப் போதவில்லை என்று சொல்லி நஷ்டஈட்டைப் பாரத் கிருஹ ரக்ஷாவில் குறைப்பதில்லை. ஆனால் திருட்டுக் காப்பீடு போன்ற மற்றப் பாலிசிகளில் விகிதக் குறைப்பு விதி உண்டு. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பதாயிரத்துக்கு மட்டும் பாலிசி எடுத்து, நாற்பதாயிரம் நஷ்டமானால், கிடைப்பது இருபதாயிரமே. பாதி பிரீமியம், பாதி நஷ்டஈடு. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இருபதாயிரத்தை இழப்பது சிக்கனம் ஆகாது.

பரப்பு, கூரையின் தன்மை, வீட்டில் நடக்கும் தொழில் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். கீற்றுக் கூரையை ஓட்டுக் கூரை என்று எழுதிவிட்டால் பிரீமியம் குறையலாம். தீப்பிடித்த மறுநாள் வந்து பார்ப்பவருக்குச் சாம்பலே சாட்சி சொல்லிவிடும்.

வங்கிக் கடனும் இன்ஷூரன்சும்

வீட்டுக் கடன் வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: பிடிக்கும் பணம் வீட்டுக்கா, உங்கள் ஆயுளுக்கா என்று கேளுங்கள். இரண்டும் தனித்தனி. நான் ஏமாந்தது இங்கேதான்.

இரண்டு: வங்கி சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்கலாம். எந்த நிறுவனம் என்பது உங்கள் விருப்பம். வெளியில் குறைந்த பிரீமியத்தில் எடுத்து, வங்கியின் பெயரைப் பாலிசியில் சேர்த்துக் கொடுக்கலாம்.

மூன்று: பிரீமியத்தைக் கடனோடு சேர்க்க விடாதீர்கள். ரூ.20,000 பிரீமியத்தைக் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகள் தவணை கட்டினால், மாதம் சுமார் ரூ.203 வீதம் மொத்தம் ரூ.36,500 ஆகிவிடுகிறது. இருபதாயிரத்துக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு வட்டி. எந்த நிலையிலும் இதைத் தவிருங்கள்.

ஒரே வீட்டுக்கு வங்கி ஒரு பாலிசியும் நீங்கள் ஒரு பாலிசியும் எடுத்திருந்தாலும் நஷ்டம் ஒரு லட்சம் என்றால் இரண்டிலும் சேர்த்துக் கிடைப்பது ஒரு லட்சமே. இரட்டைப் பிரீமியம் இரட்டை நஷ்டஈடு தராது.

வேண்டாத காப்புகளை விலக்குங்கள்

அடிப்படைக் காப்புக்குப் பிரீமியம் குறைவு. மேலும் மேலும் சேர்க்கும் காப்புகளால்தான் தொகை ஏறுகிறது. டி.வி. பழுது, பயணத்தில் தொலையும் பெட்டி, கண்ணாடி உடைதல் என்று ஒரு கட்டாகக் கொடுப்பார்கள். எது நமக்கு வேண்டும் என்று யோசியுங்கள்.

நகையை எடுத்துக் கொள்வோம். அடிப்படைப் பாலிசியில் நகைக்குக் காப்பில்லை; தனியாக மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கும் இல்லை. உங்கள் நகை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகில் இருக்கிறது என்றால், அதை வீட்டுக் காப்பீட்டில் சேர்த்துப் பணம் கட்டுவது வீண்.

விபத்துக் காப்பையும் இதே பாலிசியில் விருப்பம்போல் சேர்க்கலாம் என்பார்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.20-க்கு ரூ.2 லட்சம் விபத்துக் காப்பு கிடைக்கிறது. சிறு குறு விவசாயிகளுக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் விபத்து உதவி உண்டு. இவற்றில் சேர்ந்துவிட்டு, அதன் பிறகு கூடுதல் காப்பு தேவையா என்று பாருங்கள்.

ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும் காப்பு

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. உங்கள் வீட்டுச் சமையல் எரிவாயு இணைப்புக்கு எண்ணெய் நிறுவனங்களே விபத்துக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நீங்கள் தனியே பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. எரிவாயு காரணமாக விபத்து நேர்ந்தால் உயிரிழப்புக்கு ஒருவருக்கு ரூ.6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு ரூ.2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டின் சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரை என்று அந்தக் காப்பீட்டில் வகை செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் இணைப்பு உங்கள் பெயரிலும், பதிவான முகவரியிலும் இருக்க வேண்டும். அடுப்பும் குழாயும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும். இறந்துபோன தகப்பனார் பெயரில் இருக்கும் இணைப்பை இந்த மாதமே மாற்றிக் கொள்ளுங்கள். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். விபத்து நேர்ந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாயுக் கசிவுக்கு அவசரத் தொலைபேசி எண் 1906.

வீட்டைப் பேணுவதே முதல் காப்பீடு

படிப்படியாகச் சிதைவது, கறையான் அரிப்பது, நாள்பட்ட நீர்க்கசிவு ஆகியவற்றுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. ஐப்பசி மழையில் நனைந்து நனைந்து மண் சுவர் இடிந்தால், "பராமரிப்புக் குறை" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இவற்றைத் தவறாமல் செய்யுங்கள்.

1. புரட்டாசி பிறப்பதற்குள் ஓட்டைப் பிரித்து, உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றி, இற்றுப்போன சட்டங்களை எடுத்துவிட்டு மேயுங்கள்.

2. வைக்கோற்போரை வீட்டை ஒட்டிப் போடாதீர்கள். இடம் இருக்குமானால் ஐம்பது அடி தள்ளிப் போடுங்கள். முன் யோசனை இல்லாதவனுக்கு வள்ளுவர் சொன்ன உவமையே நெருப்பும் வைக்கோற்போரும்தான். பங்குனி, சித்திரை வெயிலில் அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அணைத்த பிறகே குப்பைக் குழியில் கொட்டுங்கள்.

3. பழைய மின்கம்பிகளை மாற்றி, எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் பொருத்துங்கள். மோட்டார் கம்பியை வீட்டுக் கூரை வழியாக இழுக்காதீர்கள்.

4. கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் தென்னையையும் வேம்பின் கிளைகளையும் மழைக்காலத்துக்கு முன்பே கழித்துவிடுங்கள். என் வீட்டு வேப்பமரக் கிளையைக் கழிக்கக் கூலி கேட்டபோது அதிகம் என்று எண்ணி விட்டுவிட்டேன். பின்பு நான் கொடுத்த விலை இரண்டு மாடு.

நீண்ட காலப் பாலிசி

பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் பல நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது இரண்டு வகையில் நல்லது. தள்ளுபடி ஒன்று. புதுப்பிக்க மறந்து போகாமல் இருப்பது மற்றொன்று. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி பிரீமியம் முன்னதாகக் கட்டினால்தான் நிறுவனத்தின் பொறுப்பு தொடங்கும். பாலிசி முடிந்த மறுநாள் தீப்பிடித்தால், "நாளைக்குக் கட்டலாம் என்றிருந்தேன்" என்பது செல்லாது.

கடனை வாங்கிப் பத்து ஆண்டுப் பிரீமியம் கட்ட வேண்டாம். தள்ளுபடியை வட்டி தின்றுவிடும்.

சிறு நஷ்டங்களை, அதாவது முதல் சில ஆயிரம் ரூபாயை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக் கொண்டால் பிரீமியத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. நாலு ஓடு உடைந்ததற்கு இன்ஷூரன்ஸ் கேட்டு அலைவதைவிட, வீடே போனால் கைகொடுக்கும் காப்பு இருப்பதுதான் முக்கியம்.

நஷ்டஈட்டைக் கோட்டை விடாதீர்கள்

பிரீமியம் கட்டிவிட்டு நஷ்டஈட்டை இழப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வீண் செலவு. ஆகவே:

பாலிசி வீட்டின் சொந்தக்காரர் பெயரில் இருக்க வேண்டும். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் தகப்பனார் பெயரில் இருக்க, மகன் பெயரில் பாலிசி எடுத்தால் தகராறு வரும்.

வீட்டின் நாலு புறத்தையும், உள்ளே உள்ள சாமான்களையும் இன்றே படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள். வீட்டோடு காகிதமும் எரிந்துபோனால் இதுவே ஆதாரம்.

நஷ்டம் நேர்ந்தவுடன் நிறுவனத்துக்குத் தெரிவித்து, பதிவு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையச் சான்று, திருட்டு என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, புயல் வெள்ளம் என்றால் கிராம நிர்வாக அலுவலர் சான்று வாங்கி வையுங்கள்.

சர்வேயர் வந்து பார்க்கும் வரை இடிபாடுகளை முழுதும் அப்புறப்படுத்த வேண்டாம். மேலும் சேதமாகாமல் தார்ப்பாய் போட்டு மூடலாம், மூடவும் வேண்டும். சர்வேயருக்குக் கட்டணம் நிறுவனமே கொடுக்கும். நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

நிறுவனம் மறுத்தாலோ, முறையீடு கொடுத்து 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் புகார் பதிவு செய்யலாம்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகள்

கேள்வி: எங்களுடையது கீற்றுக் கூரை வீடு. எங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: கீற்று, ஓலை, மூங்கில், தார்ப்பாய்க் கூரைகளைத் தனி வகையாகவே கணக்கிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி, ஏற்பார்களா, பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு, அரசின் வீட்டுத் திட்டத்துக்கும் மனுச் செய்யுங்கள். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட ரூ.3.50 லட்சம் ஒதுக்கப்பட்டது. அப்படிக் கட்டிய வீட்டுக்குச் சிறு தொகையில் காப்பீடு செய்துவிடுங்கள். அரசு இரண்டாம் தடவை கட்டித் தராது.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு எதற்கு?

பதில்: கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

கேள்வி: மகனோடு திருப்பூர் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவேன். வீடு பூட்டித்தான் கிடக்கும்.

பதில்: நம் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். ஆள் இல்லாத வீட்டுக்கு, குறிப்பாகத் திருட்டுக் காப்புக்கு, நிபந்தனைகள் உண்டு. போவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதி, பதிலை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகை, பம்புசெட்டு, நெல் மூட்டைகள் இதில் சேருமா?

பதில்: சேரும் என்று நினைத்துக் கொண்டிருக்கக் கூடாது. வீட்டுக் காப்பீடு குடியிருப்புக்கும் வீட்டுச் சாமான்களுக்கும்தான். விற்பனைக்கு வைத்திருக்கும் நெல், பம்புசெட்டு, மாடு, பயிர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலிசி உண்டு. கொட்டகையைப் பற்றிக் கேட்டு, பாலிசியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முடிவாக

விவசாயப் பெருமக்களே! கட்டடத்துக்கு மட்டும் காப்பீடு செய்யுங்கள். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வேண்டாததை விலக்குங்கள். கடனோடு பிரீமியத்தைச் சேர்க்காதீர்கள். உண்மையை எழுதுங்கள். பாலிசியைப் படியுங்கள், படிக்க முடியாவிட்டால் கல்லூரியில் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்து, அதில் உங்கள் வீட்டின் முகவரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அது வீட்டுக்கான பாலிசி அல்ல. நான் புயல் அடித்த பிறகு பார்த்தேன். நீங்கள் இந்த மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.